தாம்பாளத்தில் மூன்று பொட்டலம்

பூசாரி அம்மன் காலடியிலிருந்து தாம்பாளத்தை எடுத்து வந்து எங்கள் முன்னால் நீட்டினார். பூவரச இலையில் மடித்து வாழைநார் சுற்றிய பொட்டலங்கள் அதில் மூன்று இருந்தன. நாங்கள் வைத்தது இரண்டு.

என் மாமனார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்து, எதையும் தொடாமல் விரலை மட்டும் நீட்டி எண்ணினார்.

"ஏனுங்க பூசாரி, நாம ரெண்டுதானுங்களே வெச்சோம்?"

"ரெண்டுதானுங்க."

"இதுல மூணு இருக்குதுங்களே?"

"மூணுதானுங்க" என்றார் பூசாரி. அவர் யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

என் மாமியார் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலுக்குக் கோபுரமே கிடையாது. தலைக்கு மேல் ஒரு வேப்பமரம்தான். என் வீட்டுக்காரர், கழற்றி வைத்த செருப்பு பத்திரமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். நான் இடுப்புச் செருகலை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில், தை பிறந்து சில நாட்கள் ஆன ஒரு வெள்ளிக்கிழமை அது. அந்தத் தாம்பாளத்தில் இருந்தது என் எழுத்தின் தலையெழுத்து.

எப்படி அம்மா அறிந்தீர்கள்?

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். "மனித மனத்தின் அந்தரங்கங்களையெல்லாம் எப்படி அம்மா இவ்வளவு நுட்பமாக அறிந்தீர்கள்?" என்று கேட்கிறார். கடிதத்தைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பதினெட்டு நாவல் எழுதியாகிவிட்டது. மேடைகளில் பொன்னாடை போர்த்தும்போதெல்லாம் 'மனங்களை ஊடுருவும் எழுத்தாளர்' என்கிறார்கள். நானும் மறுக்காமல் தலையைக் குனிந்து பொன்னாடையை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரே கூரையின் கீழ் மூன்று வேளையும் என்னோடு சாப்பிட்ட மூன்று பேரின் மனத்தை நான் எந்த லட்சணத்தில் அறிந்து வைத்திருந்தேன் என்பதற்கு அந்தத் தாம்பாளம்தான் சாட்சி. அந்த வாசகிக்குப் பதிலாகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தில் ஒரு நொய்யல்வாசன்

நான் கோயம்புத்தூர் டவுனில் வளர்ந்தவள். பள்ளி இறுதி வரை படித்தவள். கல்யாணமாகி வந்து சேர்ந்தது பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கிணறும் தென்னையும் சோளக்காடுமாக இருந்த ஒரு தோட்டத்து வீடு. மாமனார் விவசாயம். அவரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் வேலுச்சாமி, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. தினமும் சைக்கிளில் போய் வருவார்.

மத்தியானம் எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு, கடலைக்காய் மூட்டைகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து கதை எழுதுவேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். நான் எழுதிய காகிதங்கள் அவருடைய டிபன் கேரியரின் மேல் அடுக்கில் மில்லுக்குப் போய், அங்கிருந்து தபாலில் சென்னைக்குப் போகும். பத்திரிகையிலிருந்து வரும் கடிதங்கள் மில் விலாசத்துக்கு வந்து, அதே அடுக்கில் வீடு திரும்பும். என்னுடைய முதல் தொடர்கதையின் சில பக்கங்களில் புளிச்சோற்று எண்ணெய் பட்டிருந்ததாகப் பின்னாளில் ஆசிரியர் சொன்னார்.

புனைபெயர், எங்கள் பக்கத்து ஆற்றின் பேரில், நொய்யல்வாசன். பெண் பெயரைப் போட்டால் யார் என்று தேடுவார்கள். ஆண் பெயரைப் போட்டால் யாரும் தேடமாட்டார்கள் என்பது என் கணக்கு. மில் கேட்டில் இருந்த காவல்காரர் மட்டும் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய முடிவுப்படி நொய்யல்வாசன் என் வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து அவருக்குத் தினமும் ஒரு சல்யூட். மறுக்கவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல், இரண்டு வருடம் பின்பக்கக் கேட் வழியாகவே வேலைக்குப் போனார் மனிதர்.

சனிக்கிழமை

என் தொடர்கதைக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு தீவிர வாசகர் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. மாமாதான் அவர்.

சனிக்கிழமை காலையில் பல்லடம் போய்ப் பத்திரிகையை வாங்கி வருவார். சாப்பாடு முடிந்ததும் அத்தை முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்து ஆமணக்குக் கொட்டமுத்தோ பருத்தியோ சுத்தம் செய்துகொண்டிருப்பார். மாமா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உரக்கப் படிப்பார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. நான் உள்ளே பாத்திரத்தை ஓசைப்படாமல் கழுவியபடி என் வாக்கியங்களை என் மாமனார் குரலில் கேட்பேன். அந்தச் சுகத்தை எந்தப் பொன்னாடையும் பிற்பாடு தரவில்லை.

கதையில் நாகம்மாள் என்று ஒரு மாமியார். சிரிக்காதவள், புகழாதவள், மருமகள் என்ன செய்தாலும் "ம்" என்று மட்டும் சொல்லுகிறவள். கல்லால் செய்த மனம். இளம் வாசகிகள் அவளைத் திட்டித் திட்டி எழுதினார்கள். அவளை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்? மூன்றடி தூரத்தில் கொட்டமுத்து உரித்துக்கொண்டிருந்த என் அத்தையிடமிருந்துதான்.

அத்தை அதிகம் பேசமாட்டார். வந்த புதிதில் நான் செய்த குழம்பை வாயில் வைத்துவிட்டு "ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்தில் எத்தனை குற்றச்சாட்டு இருக்கும் என்று இருபது வயதில் ஒரு பெண் யோசித்தால் நாவல்தானே வரும்? எழுதித் தீர்த்துக்கொண்டேன்.

மாமா படிப்பதை நிறுத்திவிட்டு நடுநடுவே கொதிப்பார். "இவளெல்லாம் ஒரு பொம்பளையா? நெஞ்சு இருக்கற எடத்துல கருங்கல்ல வெச்சிருக்கறா!" என்று அத்தையிடமே நியாயம் கேட்பார்.

அத்தை "ம்" என்பார்.

நான் உள்ளே கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவேன். அத்தைக்கு ஒருநாள் விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் எப்போதும் கூடவே இருந்தது.

மேல் அடுக்கு

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுகிற ஊரில் கோபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழக்கம் வேண்டும். மாமா சாதாரணமாக என்னைக் "கண்ணு, வா, போ" என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் என் வீட்டுக்காரர் கேரியரை அடுப்படி மேடையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் கை கால் கழுவப் போயிருந்தார். காலையில் அவருக்கு வெல்லம் போட்டு நாலு கச்சாயம் சுட்டுக் கட்டிக் கொடுத்திருந்தேன். மாமாவுக்குக் கச்சாயம் என்றால் உயிர். ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று அவரே போய் மேல் அடுக்கைத் திறந்திருக்கிறார்.

"ஏனுங்க அம்மிணி, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

அந்த 'ங்க'வைக் கேட்டதும் ஈரக் கையோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் மாமா கையில் ஒரு கவர். பத்திரிகை ஆபீஸிலிருந்து 'நொய்யல்வாசன் அவர்களுக்கு' என்று மில் விலாசத்துக்கு அனுப்பி வைத்த வாசகர் கடிதம். உறையில் ஊதா மை. அந்தச் சாய்ந்த கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எழுதியவர் மாமாதான்.

என் ரகசியத்தைப் பிடித்த கையிலேயே அவருடைய ரகசியமும் இருந்தது. கதை படித்தால் போதும், காட்டுவேலை கெட்டுவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மனிதர், யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருக்கிறார். பிற்பாடு நான் அதைப் படித்தேன். நாகம்மாளுக்குத் தக்க தண்டனை தராமல் கதையை முடிக்கக் கூடாது என்று இரண்டரைப் பக்கம். மீதி ஒன்றரைப் பக்கம் எழுத்தாளருக்கு அழைப்பு: "ஐயா அவர்கள் கோவைப் பக்கம் வந்தால், அவசியம் எங்கள் தோட்டத்துக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போக வேண்டும். என் மருமகள் நன்றாகச் சமைப்பாள்."

என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஏனப்பா, நீதான் அந்த நொய்யல்வாசனா?"

காவல்காரரின் சல்யூட்டை மறுக்காமல் வாங்கிய மனிதர், அப்பா கேட்டதும் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. "நான் இல்லீங்கப்பா" என்றார். மீதி இருந்தது நானும் அத்தையும். அத்தைக்கு எழுதத் தெரியாது.

அத்தை ஆசாரத்திலிருந்து கேட்டார். "அந்தக் கடுதாசில என்னுங்க எழுதியிருக்குது?"

"ஒண்ணுமில்ல, வெலாசம் விசாரிச்சிருந்தேன்" என்று மாமா அவசரமாக அதை மடித்து இடுப்பில் செருகினார்.

பிறகு மாமா என்னைப் பார்த்துச் சொன்னார். "எழுதறது தப்புன்னு நான் சொல்ல வரலீங்க. நாளைக்குப் பங்காளிகளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, 'உங்கூட்டுச் சமாச்சாரமெல்லாம் பத்திரிகைல வருதாமா'ன்னு கேப்பாங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கறதுங்க? நிறுத்துங்கன்னும் என் வாயில வர மாட்டீங்குது, எழுதுங்கன்னும் வர மாட்டீங்குது. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். அவ சொல்றபடி நடக்கலாம்."

பூக் கேட்பது

எங்கள் பக்கம் கிணறு வெட்டவும் சம்பந்தம் பேசவும் முடிவெடுக்க முடியாமல் திண்டாடினால் குலதெய்வத்திடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி தட்டை எடுத்து வந்து நீட்டி, அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட வேண்டும்.

தொடரில் இன்னும் ஐந்து அத்தியாயம் பாக்கி. சிவப்பு வந்தால் கதை பாதியில் நிற்கும். கதைகூடப் போகட்டும். அந்த மூட்டை அறையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது. அது போய்விட்டால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டே வேலை செய்தேன்.

பொட்டலம் கட்டும் பொறுப்பு அத்தைக்கு. மாமா வெள்ளரளி ஒரு கொத்தும் செவ்வரளி ஒரு கொத்தும் பறித்துக் கொடுத்தார். அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டினார். முறைப்படி அப்படித்தான் கட்ட வேண்டும். ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. எழுதினது நான் என்று தெரிந்த பிறகு, நாகம்மாள் யார் என்று அத்தைக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டிலும் சிவப்பைத்தான் வைக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. கோயிலுக்குக் கிளம்பும்முன் வெள்ளரளிச் செடியில் மிச்சமிருந்த பூவில் ஒன்றைப் பறித்து, பூவரச இலையில் மடித்து நார் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டேன். சமயம் கிடைத்தால் தட்டில் போட்டுவிடலாம் என்று திட்டம். கோயிலில் அம்மன் கண்ணைப் பார்த்ததும் கை வரவில்லை. கதையில் எத்தனையோ பேரைத் துணிச்சலாகப் பொய் சொல்ல வைத்தவள், அன்று ஒரு பூவை எடுக்கப் பயந்து நின்றேன்.

அப்படியானால் அந்த மூன்றாவது பொட்டலம் யாருடையது?

பிரித்துப் போடுங்க

"எல்லாத்தையும் பிரிச்சுப்போடுங்க" என்றார் மாமா.

பூசாரி முதல் பொட்டலத்தின் நாரை அவிழ்த்தார். வெள்ளை. எனக்கு உயிர் வந்தது.

இரண்டாவதை அவிழ்த்தார். வெள்ளை. என் வீட்டுக்காரர் இருமினார்.

மூன்றாவதும் வெள்ளைதான்.

பூசாரி தாம்பாளத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். "இத்தன வருசத்துல நான் இப்படிப் பாத்ததே இல்லீங்க. ஆத்தா மூணு தடவ உத்தரவு குடுத்துப்போட்டாளுங்க!"

மாமா கும்பிடவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "செவப்புப் பூவும் நாந்தான் பறிச்சுக் குடுத்தேன். அது எங்க போச்சு?"

"வழில உழுந்திருக்குமுங்க" என்றார் அத்தை.

"கட்டி வெச்ச பொட்டணத்துக்குள்ள இருந்தா?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடியும் இல்லாத கோபுரத்தைக் கும்பிட்டார்.

மாமாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. கடைசியில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். "சரி, ஆத்தாளே இத்தன பிடிவாதமா இருந்தா நாம என்ன பண்றது" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அழவும் செய்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாவது பொட்டலம் என் வீட்டுக்காரருடையது. சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையை வைப்பதுதான் அவர் திட்டம். அம்மனைச் சுற்றி வரும்போது தட்டுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, எது சிவப்பு என்று எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கிறார். பூசாரி திரும்பிவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்ததையும் அதிலேயே போட்டுவிட்டார். "மூணுல ரெண்டு நம்ம பக்கமாச்சேன்னு பாத்தேன் சரோஜா" என்றார் என்னிடம். மில்லில் அத்தனை மெஷினைக் கட்டி மேய்க்கிறவருடைய மூளை அவ்வளவுதான் வேலை செய்திருக்கிறது. அவர்மேல் எனக்கு அன்று வந்த ஆசை இன்னும் தீரவில்லை.

அவர் கணக்குக்கு வெளியே நின்றவர் அத்தை. அத்தை கட்டிய இரண்டிலுமே சிவப்பு இல்லை.

வண்டியில் திரும்பும்போது மாமா முன்னால் உட்கார்ந்து மாட்டை விரட்டியபடி திரும்பிக் கேட்டார். "ஏங் கண்ணு, அந்த நாகம்மாளுக்கு என்ன தண்டன குடுக்கப் போறே?"

'கண்ணு' வந்துவிட்டது. ஆனால் நாகம்மாள் என் தோளை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன சொல்ல?

"அதை இப்பவே சொல்லிப்போட்டா அப்பறம் சனிக்கெழமை என்னத்தப் படிப்பீங்க? மாட்டப் பாத்து ஓட்டுங்க" என்றார் அத்தை.

முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மனைவியை மாமா அந்தக் கதையில் கடைசிவரை அடையாளம் காணவே இல்லை. தொடர் முடிந்து புத்தகமாக வந்தபோதும், "நாகம்மாள மாதிரி ஒருத்திய நான் பாத்ததே இல்ல" என்று அத்தையிடமே சொன்னார்.

தொழுவத்தில்

மறுநாள் விடிந்ததும் அத்தையைத் தேடிப் போனேன். தொழுவத்தில் குத்தவைத்துப் பால் கறந்துகொண்டிருந்தார். போசியில் பால் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தை, அந்த நாகம்மாளை..."

"மொத வாரமே தெரியுங் கண்ணு" என்றார், திரும்பாமலே.

"எப்படிங்க அத்தை?"

"அவ வெடியால பால் கறக்கையில மாட்டுக்கிட்ட மருமகளப் பத்திக் கொற சொல்லுவான்னு எழுதியிருந்தியே. மாட்டுக்கிட்டப் பேசறவ இந்தத் தோட்டத்துல வேற ஆரு இருக்கறா?"

"தெரிஞ்சுமா வெள்ளையக் கட்டினீங்க?"

அத்தையின் கை நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார். "கல்யாணமாகி வந்ததுல இருந்து உங்க மாமன் எம்பக்கத்துல சும்மா உக்காந்ததில்ல கண்ணு. காடு, கெணறு, சந்தை, பஞ்சாயத்துன்னு ஓடுவாரு. இப்ப சனிக்கெழமை ஆச்சுன்னா ஒரு மணி நேரம் ஒக்காந்திருக்கறாரு. அந்த நாகம்மாளத் திட்டறதுக்காச்சும் ஒக்காந்திருக்கறாரல்ல. அதைப் போயி நானே கெடுத்துக்குவனா?"

நான் அவர் பக்கத்திலேயே, சாணத்தையும் பார்க்காமல், உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கல்மனத்தைப் பற்றி எட்டு அத்தியாயம் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூட உண்மையில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"தூரத்துல நின்னு எம்பட வாய் அசையறதப் பாத்திருக்கறே" என்றார் அத்தை. இப்போது சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மீதிய நீயே ரொப்பிப்போட்டே. நான் உன்னயக் கொறையே சொல்லல."

"அப்ப மாட்டுக்கிட்ட நெஜமா என்னதானுங்க அத்தை சொல்லுவீங்க?"

அத்தை போசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அதை உங்கிட்டச் சொன்னா, அடுத்த சனிக்கெழமை உங்க மாமன் அதை எனக்கே படிச்சுக் காட்டுவாரு."